சுருளின்மேல் இட்ட குறி



ஆற்காடு சாலையின் இரைச்சலைக் கடந்து, மாலைப் பூசைக்காக வடபழனி முருகன் சந்நிதியை நோக்கிச் செல்லும் கூட்டத்திடையே வழி கண்டுபிடித்து, கண்ணுக்குப் புலனாகாத ஒரு விஷயத்தைக் கேட்பதற்கென்று இத்தனை பேர் இம்மண்டபத்திற்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த உற்சாகத்தைத் தருகிறது. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுபடும்போது, அறுந்த இடம் இன்னதென்றும் அதை எந்த முறையில் ஒட்டவேண்டும் என்றும் அந்த உயிரணு எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வடபழனி என்றால், கோயிலுக்கு அடுத்தபடியாக எனக்கு ஞாபகம் வருவது ஓர் எடிட்டிங் அறை. என் தாய்மாமன் இந்தப் பகுதியிலிருந்த ஸ்டுடியோ ஒன்றில் படத்தொகுப்பாளருக்கு உதவியாளராக இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. மூன்று மணி நேரம் ஓடும் ஒரு படத்துக்கு ஏறக்குறைய பதினாறாயிரம் அடி பிலிம் வேண்டும். அத்தனையும் ஆயிரம் அடிச் சுருள்களாகத் தகர டப்பாக்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் பிலிம் அறுந்துவிட்டாலோ, வெட்டவேண்டியிருந்தாலோ, படத்தொகுப்பாளர் அந்த இடத்தை வாயால் விவரித்துக்கொண்டிருப்பதில்லை. மஞ்சள் நிற மெழுகுப் பென்சிலால் பிலிமின்மேலேயே ஒரு குறி இடுவார். கோடானால் ஒரு பொருள், பெருக்கல் குறியானால் மற்றொரு பொருள். மாமா அந்தக் குறியைப் படித்து, பிலிமின் ஓரத்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தடவி, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி அழுத்துவார். அப்படி ஒட்டும்போது ஒரு பிரேமாவது பலியாகிவிடும் என்று அவர் வருத்தத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில் உயிர்வேதியியல் பயின்று, உயிரணுவின் உட்கருவில் நடப்பது இன்னது என்று தெரிந்துகொண்டபோது, அந்த அறையும் அந்த மஞ்சள் குறியுமே என் மனத்தில் எழுந்தன. இன்றுவரை அதைக்காட்டிலும் பொருத்தமான உவமை எனக்கு அகப்படவில்லை.

மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ, ஒரு மில்லிமீட்டரை நூற்றறுபதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு நீண்ட இழை அவ்வளவு சிறிய இடத்தில் சிக்கலின்றி அடங்குவதற்குக் காரணம், அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களாலான உருளைகளின்மேல் சுற்றப்பட்டிருப்பதேயாகும். ஆல்பிரெக்ட் கோசெல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1884-இல் வாத்தின் இரத்த அணுக்களிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார்; தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1974-இல், ரோஜர் கோர்ன்பர்க், நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாக எட்டுச் சேர்ந்து ஓர் உருளையாகின்றன என்றும், அதன்மேல் டி.என்.ஏ. சுற்றியிருக்கிறதென்றும் எடுத்துரைத்தார். 147 எழுத்து, அதாவது காரஇணை, நீளமுள்ள டி.என்.ஏ. ஓர் உருளையை ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிவிட்டு அடுத்த உருளைக்குத் தாவுகிறது. டி.என்.ஏ. சுற்றிய இந்த உருளைக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். அதன் நுண்ணிய வடிவத்தை 1997-இல் கரோலின் லூகரும் அவருடைய சகாக்களும் படிக ஆராய்ச்சியால் வெளிப்படுத்தினார்கள். இத்தகைய வடிவங்கள் பிழையற்றவைதாமா என்று சோதிக்க உலகமெங்கும் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுகோல், இங்கிருந்து சிறிது தூரத்தில், கிண்டி வளாகத்தில், ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இல் வரைந்து வெளியிட்ட படம் என்பதைச் சென்னைக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

உருளையின் உடல் இறுக்கமானது. ஆனால் ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீண்டு, நிலையான வடிவமின்றி அசைந்துகொண்டிருக்கிறது. குறிகள் பெரும்பாலும் இந்த வால்களிலேயே எழுதப்படுகின்றன. லைசின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் ஓர் அசெட்டில் தொகுதியோ, ஒன்று முதல் மூன்று வரை மெதில் தொகுதிகளோ ஏறலாம். செரினின்மேல் பாஸ்பேட் ஏறலாம். சில இடங்களில் 76 அமினோ அமிலங்களைக் கொண்ட யூபிக்விட்டின் என்ற ஒரு முழுப் புரதமே சுமையாக ஏற்றப்படலாம். வின்சென்ட் ஆல்ஃப்ரியும் அவருடைய சகாக்களும் 1964-இலேயே இவற்றில் அசெட்டில், மெதில் மாற்றங்களைக் கவனித்து, மரபணுக்களின் செயலோடு அவற்றுக்குச் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று கூறினார்கள். 2000-இல் ஸ்ட்ராலும் அல்லிஸும் இதற்கு ஹிஸ்டோன் சங்கேதம் என்ற பெயரைப் பிரசித்தமாக்கினார்கள். அப்பெயரில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. சங்கேதம் என்றால் ஒரு குறிக்கு ஒரே பொருள் என்று அகராதி போட்டுவிடலாம். ஹிஸ்டோன் குறியோ, பக்கத்தில் வேறு என்ன குறி இருக்கிறது, படிக்கிறவர் யார், எந்த வேளையில் படிக்கிறார் என்பவற்றையெல்லாம் பொறுத்துப் பொருள் தருவது. இந்த வேறுபாடு எத்தனை முக்கியமானது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

இழை அறுபடுவது அபூர்வமான விபத்தன்று. உயிர்வாழும் ரசாயனமே டி.என்.ஏ.க்கு நாள்தோறும் பல்லாயிரம் சிறு காயங்களை உண்டாக்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் தொடுபவையாதலால், மற்றோர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதே பேராபத்து. அதை நாமே வேண்டுமென்று உண்டாக்கும் ஓரிடமும் நமக்கு அருகில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் வாழ்நாள் உழைப்பால் வளர்ந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில், கதிர்ச் சிகிச்சை பெறும் நோயாளி வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே அளவு கதிரை ஏற்கிறார். 1 கிரே கதிர், ஓர் உயிரணுவில் சுமார் 35 இரட்டை அறுவுகளை உண்டாக்கும். ஆகவே, ஒரே அமர்வில், கதிர் விழும் பகுதியிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் எழுபது இடங்களில் இழை இற்றுப்போகிறது. சிகிச்சையை ஒரே நாளில் முடிக்காமல் வாரத்துக்கு ஐந்து நாட்களாகப் பல வாரங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அடுத்த நாள் வருவதற்குள் நல்ல உயிரணு தன் அறுவுகளை ஒட்டிக்கொண்டுவிடும், புற்றணு பெரும்பாலும் அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்ளாது என்பதே. நோயாளி வீட்டுக்குத் திரும்பிப்போய் உறங்குகிற அந்த இரவில்தான் நான் சொல்லப்போகும் காரியமெல்லாம் நடக்கிறது.

அறுந்தவுடன் முதலில் நிகழ்வது என்ன? அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் வில்லியம் பானரின் ஆய்வகத்தில் எம்மி ரோகாகூ என்ற பெண்மணி 1998-இல் இதற்கு விடை கண்டார். உருளைகளிலுள்ள ஹிஸ்டோன்களில் எச்-2-ஏ என்னும் வகைக்கு எச்-2-ஏ-எக்ஸ் என்று ஒரு பங்காளி உண்டு. சில உருளைகளில் மட்டும் அது இடம்பெற்றிருக்கும். அதன் வாலின் கடைசியில், 139-ஆம் இடத்தில், ஒரு செரின் இருக்கிறது. இழை அறுந்த ஒரு சில நிமிடங்களுக்குள், ஏ.டி.எம். என்ற நொதி அந்தச் செரினின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. இவ்வாறு குறி பெற்ற ஹிஸ்டோனுக்குக் காமா-எச்-2-ஏ-எக்ஸ் என்று பெயரிட்டார்கள். வியப்பு என்னவென்றால், அறுவு ஒரு புள்ளி. குறியோ அதன் இருபுறமும் சேர்த்துச் சுமார் இருபது லட்சம் எழுத்து அளவுக்குப் பரந்துவிடுகிறது. 1 கிரே கதிர் உண்டாக்கும் முப்பத்தைந்து அறுவுகளுக்கு, உட்கருவிலுள்ள எச்-2-ஏ-எக்ஸ் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்று குறி பெறுகிறது என்ற கணக்கிலிருந்துதான் இந்தப் பரப்பையே அவர்கள் ஊகித்தார்கள். தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நிகழ்ந்தால், தெருக்கோடிவரை செய்தி பரவி, வருகிறவர் எந்த மூலையில் நுழைந்தாலும் வழி தெரிந்துவிடுகிறதல்லவா, அதைப் போன்றது இது. பரப்பு அவ்வளவு பெரிதாக இருப்பதனாலேயே, ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளைக் கொண்டு தொட்டுப் பார்த்தால், ஒவ்வோர் அறுவும் நுண்ணோக்கியின்கீழ் ஒரு புள்ளியாகப் பளிச்சிடுகிறது. தனி அறுவைக் கண் காணாது. அதன்மேல் உயிரணு இட்ட குறியைக் காணலாம்.

ஏ.டி.எம். என்ற நொதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. யோசெப் ஷிலோவின் குழுவினர் 1995-இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது, ஒரு கொடிய பரம்பரை நோயைத் தேடிப்போன வழியில்தான். அந்நோய் கண்ட குழந்தைகள் நடை தள்ளாடி, கண்களில் செந்நரம்புகள் படர்ந்து, அடிக்கடி தொற்றுக்கு ஆளாகி, கதிர்ச் சிகிச்சை அளித்தால் அதையே தாங்க முடியாதவர்களாகிவிடுவார்கள். குறி எழுதும் கை ஒன்று பழுதானால் ஒரு குழந்தையின் முழு வாழ்வும் என்னவாகிறது என்பதற்கு அவர்கள் சாட்சி.

இனி, எழுதிய குறியைப் படிப்பவர்கள். 2005-இல் ஸ்டக்கியும், கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஜாக்சனும் மற்றவர்களும், எம்.டி.சி.-1 என்ற புரதம் பாஸ்பேட் ஏறிய அந்த வாலின் நுனியைத் தன்னிடமுள்ள ஒரு குழிவில் பொருத்திக்கொள்கிறது என்று காட்டினார்கள். பாஸ்பேட் இல்லாத வால் அந்தக் குழிவில் தங்காது. எம்.டி.சி.-1 அங்கே அமர்ந்தபின் மேலும் ஏ.டி.எம்.மைப் பற்றி இழுத்துக்கொள்ள, அது பக்கத்து உருளைக்கும் குறி இட, குறி மேலும் பரவுகிறது. இவ்விடத்தில் பலருக்கும் நேரும் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். காமா-எச்-2-ஏ-எக்ஸ்தான் பழுது பார்ப்பவர்களை அழைக்கிறது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆண்ட்ரே நுசென்ஸ்வைக்கின் ஆய்வகத்தில் எச்-2-ஏ-எக்ஸ் அறவே இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவை பிறந்தன, வளர்ந்தன; ஆனால் கதிரைத் தாங்கவில்லை, ஆண் எலிகள் மலடாயின. அவற்றின் உயிரணுக்களில் பழுது பார்க்கும் புரதங்கள் அறுவுக்கு வந்து சேரத்தான் செய்தன. வந்தவை அங்கே தங்கவில்லை. ஆகவே இக்குறியின் வேலை அழைப்பதைவிட, வந்தவர்களை வேலை முடியும்வரை அங்கே நிறுத்திவைப்பதே என்று கொள்வது உண்மைக்கு நெருக்கமானது.

எம்.டி.சி.-1 நிலைத்தபின், ஆர்.என்.எஃப்.-8 என்ற நொதி அதைப் பற்றிக்கொண்டு, உருளைக்கும் உருளைக்கும் இடையே அமர்ந்திருக்கும் இணைப்பு ஹிஸ்டோனின்மேல் யூபிக்விட்டினை ஏற்றுகிறது. இணைப்பு ஹிஸ்டோனின் மையப் பகுதி எத்தகைய வடிவமுடையது என்பதை, கோழியின் இரத்த அணுவிலிருந்து கிடைக்கும் எச்-5 என்ற உறவினத்தைப் படிகமாக்கி, 1993-இல் முதன்முதலாகக் காட்டிய குழுவின் தலைவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற அவரை நாம் அந்த ஒன்றுக்காகவே கொண்டாடுகிறோம். அதற்கு முன்னர் அவர் உழைத்த நிலம் இந்த ஹிஸ்டோன் நிலம் என்பது நம்மவரில் பலருக்குத் தெரியாது. அந்த யூபிக்விட்டினைப் படித்துவிட்டு ஆர்.என்.எஃப்.-168 என்ற மற்றொரு நொதி வந்து, எச்-2-ஏயின் 13, 15-ஆம் லைசின்களில் யூபிக்விட்டினை ஏற்றுகிறது. குறியைப் படித்து அடுத்த குறி, அதைப் படித்து அதற்கடுத்த குறி என்று போகிற இந்தத் தொடரில், ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சரிபார்க்கும் காவலாகவும் இருக்கிறது.

இப்போது விஷயத்தின் இதயத்துக்கு வந்திருக்கிறோம். அறுந்த இழையை இரண்டு வழிகளில் ஒட்டலாம். ஒன்று, என் மாமா செய்ததைப் போல இரு நுனிகளையும் சேர்த்து அழுத்துவது: விரைவானது, ஆனால் சில எழுத்துகள் போய்விடக்கூடும். மற்றொன்று, அதே படத்தின் வேறொரு பிரதி பக்கத்து டப்பாவில் இருந்தால், அதை எடுத்து, அறுந்த இடத்தில் இருந்த பிரேம்கள் எவையென்று பார்த்து, அவற்றை நகலெடுத்து நிரப்புவது: தாமதமானது, பிழையற்றது. உயிரணு பிளவுபடுவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்துக்கொள்ளுமாதலால், அப்படி எடுத்தபின் மட்டுமே பக்கத்தில் பிரதி இருக்கும். பிரதி இல்லாத வேளையில் நகல் தேடிப் போனால் தவறான இடத்தில் ஒட்டி விபரீதம் விளையும். பிரதி இருக்கும்போது வெறுமனே ஒட்டினால் எழுத்துகள் வீணே போகும். ஆகையால், அறுந்த இடத்தில் நிற்கும் ஒரு புரதத்துக்கு, தான் நிற்கும் சுருளுக்கு நகல் எடுக்கப்பட்டாயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்?

விடை, எச்-4 என்ற ஹிஸ்டோனின் 20-ஆம் லைசினில் இருக்கிறது. சாதாரணமாக அதன்மேல் இரண்டு மெதில் தொகுதிகள் இருக்கும். ஆனால் டி.என்.ஏ. நகலாகும்போது இருக்கிற உருளைகள் இரண்டு பிரதிகளுக்கும் பங்கிடப்பட்டு, குறைவை நிரப்பப் புதிய உருளைகள் வந்து சேர்கின்றன. புதிய ஹிஸ்டோனின் 20-ஆம் லைசினில் மெதில் இராது, உயிரணு பிளவுபடும் காலம் நெருங்கும்வரை அது வெறுமையாகவே இருக்கும். எனவே வெறுமையான 20-ஆம் லைசின், இந்த இடம் இப்போதுதான் நகலாயிற்று, பிரதி அருகிலேயே இருக்கிறது என்று பொருள்படும். எழுத்து இல்லாமையே ஓர் எழுத்தாகிவிடும் இந்த ஏற்பாட்டை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

53-பி.பி.-1 என்ற புரதம் நேராக ஒட்டும் வழிக்குக் காவலன். நுனிகளை யாரும் அரித்துவிடாமல் காப்பது அதன் தொழில். மெதில் இரண்டு ஏறிய 20-ஆம் லைசினை அது பற்றுகிறது என்பது 2006-இல் தெரிந்தது. ஆனால் அந்த மெதில் உட்கரு முழுவதும் எங்கு பார்த்தாலும் இருப்பது. அதை மட்டும் படித்தால் காயம் எங்கே என்று தெரியாதே? டேனியல் டூரோஷேயின் குழு 2013-இல் இப்புதிரை அவிழ்த்தது: 53-பி.பி.-1, ஒரே உருளையில் எச்-4இன் மெதிலையும் எச்-2-ஏயின் 15-ஆம் லைசினில் ஏறிய யூபிக்விட்டினையும் ஒருசேரப் பற்றும்போதுதான் நிலைக்கிறது. ஒரு குறி காயத்தின் இடத்தைச் சொல்லுகிறது. மற்றொரு குறி காலத்தைச் சொல்லுகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், நகல் பார்த்து நிரப்பும் வழியைத் தொடங்கிவைக்கும் பி.ஆர்.சி.ஏ.-1 என்ற புரதத்தின் இணைபிரியாத் துணையான பார்டு-1, வெறுமையான 20-ஆம் லைசினைப் படிக்கிறது என்று கோபன்ஹேகனில் ஆன்யா குரோத்தின் குழுவினர் 2019-இல் காட்டினார்கள். அதே பார்டு-1 அந்த 15-ஆம் லைசினின் யூபிக்விட்டினையும் படிக்கிறது என்பது 2021-இல் வெளியாயிற்று. இடத்தைச் சொல்லும் குறி இரண்டு காவலர்களுக்கும் பொது. காலத்தைச் சொல்லும் குறியே இருவரில் யார் உட்காருவது என்று தீர்மானிக்கிறது. சங்கேதம் என்ற சொல்லின்மேல் எனக்குள்ள தயக்கத்துக்குக் காரணம் இதுதான். அகராதி பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கொள்கிறவனுக்கு இது அகப்படாது. வாக்கியமாகச் சேர்த்துப் படிக்கிறவனுக்கே அகப்படும்.

பி.ஆர்.சி.ஏ.-1 பழுதான குடும்பங்களில் மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் தலைமுறை தலைமுறையாக வருவதும், அத்தகைய புற்றணுக்களைப் பார்ப் தடுப்பு மருந்துகள் கொல்வதும், புற்றணு 53-பி.பி.-1ஐயும் இழந்துவிட்டால் அம்மருந்துக்கு மசியாமற்போவதும் இந்த இரு காவலர்களின் போட்டியால் விளங்குகின்றன. அது தனிச் சொற்பொழிவுக்குரிய விஷயம். நான், இக்குறியை மக்களின் இரத்தத்திலேயே எண்ணிப் பார்த்த தென் கரைக்குச் செல்லவேண்டும்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், அதற்கு வடமேற்கே கொல்லம் கடற்கரையிலும் கருமணல் படிந்து கிடப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் ஓயாமல் கதிரை வீசிக்கொண்டிருப்பது. கேரளக் கரையில் நீண்டகரை முதல் புறக்காடு வரை சுமார் 55 கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையில், ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்கும் குறைவு முதல் 45 மில்லிகிரே வரை, வீட்டுக்கு வீடு மாறுபடும் கதிரில் தலைமுறைகளாக மீனவரும் கயிறு திரிப்போரும் வாழ்ந்து வருகிறார்கள். கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களில் புற்றுநோய் கண்ட 1,379 பேரையும் கணக்கிட்டு, 2009-இல் வெளியிட்ட ஆய்வு, கதிர் மிகுந்த வீடுகளில் புற்றுநோய் மிகவில்லை என்று கூறிற்று.

ஆனால் புற்றுநோய்க் கணக்கு கடைசிப் பக்கம். முதல் பக்கத்தைப் படிக்கக் குறி வேண்டுமல்லவா? பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பிரஜலட்சுமி தாஸ், வினய் ஜெயின் ஆகியோரின் குழுவினர், அக்கரை மக்களின் இரத்த அணுக்களை எடுத்து, நான் மேலே சொன்ன அதே காமா-எச்-2-ஏ-எக்ஸ் புள்ளிகளை எண்ணினார்கள். சாதாரணக் கதிர் உள்ள ஊர்க்காரர்களைவிடக் கருமணல் ஊர்க்காரர்களிடம் புள்ளிகள் மிகுந்திருக்கவில்லை என்று 2016-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, அவ்வணுக்களுக்கு ஆய்வகத்தில் வலிய காமாக் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது, கருமணல் ஊர்க்காரர்களின் அணுக்கள் அறுவுகளைத் திறம்பட ஒட்டிக்கொண்டன என்று எழுதினார்கள்.

இதைக் கேட்டவுடன், கதிர் உடம்புக்கு நல்லது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவை நான் ஒப்பவில்லை. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடையாற்றில் நோயாளி ஒரே நாளில் பெறும் 2 கிரேயை, அக்கரையில் மிக அதிகமான கதிருள்ள இடத்தில் இருப்பவர் பெற 44 ஆண்டுகள் ஆகும். முன்சொன்ன விகிதப்படி, அவருடைய ஓர் உயிரணுவில் ஆண்டு முழுவதிலும் கதிரால் நேரும் இரட்டை அறுவு ஒன்றரை. பத்து மில்லிகிரே பெறுபவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒன்று. உயிர்வாழ்வதனாலேயே நேரும் அறுவுகளுக்கு நடுவே அதை எண்ணிப் பிரிப்பது எளிதன்று. மேலும், ஜெர்மனியில் ரோத்காமும் லோப்ரிச்சும் 2003-இல், வளர்ப்புத் தட்டில் பிளவுறாமல் இருந்த மனித உயிரணுக்களுக்கு ஒரு மில்லிகிரே அளவே கதிர் கொடுத்தபோது, சில புள்ளிகள் பல நாட்கள் மறையாமல் நின்றதைக் கண்டார்கள். மிகச் சிறிய காயத்தை உயிரணு பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறதோ என்ற கேள்வியை அது எழுப்பியது. தட்டில் கண்டதும் கடற்கரையில் கண்டதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கின்றன. என் அபிப்பிராயத்தில், இன்னும் கூடுதலான மக்களிடம், ஆண்களோடு பெண்களிடமும், இரத்தத்தோடு வேறு திசுக்களிலும், முதல் குறியோடு யூபிக்விட்டினையும் மெதிலையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதற்கு உலகில் அந்தக் கரையைவிடத் தக்க இடம் வேறு இல்லை. அப்பணியில் தமிழ்நாட்டுப் பகுதியான மணவாளக்குறிச்சியும் சேரவேண்டும், நம் மாணவர்கள் அங்கே போகவேண்டும் என்பது என் ஆசை.

வேலை முடிந்ததும் மாமா ஒரு துணியால் மஞ்சள் குறியைத் துடைத்துவிட்டுத்தான் பிலிமைச் சுருட்டுவார். உயிரணுவும் அப்படியே செய்கிறது: பி.பி.-2-ஏ என்ற நொதி பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, வேறு நொதிகள் யூபிக்விட்டினைக் கழற்றுகின்றன, புள்ளி மங்கி மறைகிறது. மூப்படைந்த உயிரணுக்களில் மட்டும் சில புள்ளிகள் மறைவதே இல்லை என்று பானரின் ஆய்வகம் 2004-இல் கண்டது. ஒட்டமுடியாத அறுவுகள் அவை. குறி இட்டவர் இட்டபடியே இருக்க, படித்தவர் வந்து உட்கார்ந்தபடியே இருக்க, வேலை மட்டும் முடிவதில்லை. கதிர் விழுந்த அரைமணியிலும், மறுநாளிலும் எடுத்த இரண்டு உட்கருக்களின் படங்களைக் கொண்டுவந்திருக்கிறேன். முதலாவதில் புள்ளிகளை எண்ண முடியாது. இரண்டாவதில் மூன்று இருக்கின்றன. விளக்குகளை அணைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.